சிறுவயது இழப்பும் ஃபெடரல் பேட்ஜும்: கதையில் எப்படி, சட்டத்தில் எப்படி?

அமெரிக்கத் துப்பறியும் தொடர்களில் இரண்டு மூன்றைப் பார்த்தவர்களுக்குக்கூட இந்த ஆளைத் தெரிந்திருக்கும். கறுப்புக் கோட்டு, இடுப்பில் பேட்ஜ், சரியாகத் தூங்காத கண்கள். எட்டு வயதிலோ பன்னிரண்டு வயதிலோ அவர் வீட்டில் ஒருவர் கொல்லப்பட்டிருப்பார், அல்லது காணாமல் போயிருப்பார். செய்தவன் பிடிபட்டிருக்க மாட்டான். அந்தப் பிள்ளை வளர்ந்து எஃப்.பி.ஐ.யில் சேர்ந்து, இப்போது மாநிலம் மாநிலமாகக் குற்றவாளிகளைத் துரத்திக்கொண்டிருக்கும். கதை எழுதுபவர்கள் இதை ஒரு பாத்திர வகையாகவே வைத்திருக்கிறார்கள். கதை தொடங்கும் முன்பே ஒரு காயம். கதையில் அந்தக் காயம் ஓட்டும் ஓட்டம்.

இழப்பு அந்த மனிதரை என்ன செய்கிறது என்று எல்லோரும் பேசிவிட்டார்கள். அந்த வேலை அவருடைய இழப்பை என்ன செய்கிறது என்பதைத்தான் யாரும் அதிகம் கேட்பதில்லை. எனக்கு அதில்தான் சுவை. அதற்கு முதலில் ஃபெடரல் ஏஜென்ட், அதாவது அமெரிக்க மத்திய அரசின் புலனாய்வாளர், என்பவர் யார், அவர் கையில் எந்த வழக்கு வரும், எது வராது என்று தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் போலீஸ் வேலை பெரும்பாலும் மாநிலங்களுக்கும் மாவட்டங்களுக்கும் நகரங்களுக்கும் உரியது. ஏறத்தாழ 18,000 தனித்தனிக் காவல் அமைப்புகள் அங்கே இருக்கின்றன. தெருவில் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டால் அது அந்த மாநிலத்தின் சட்டப்படி குற்றம். விசாரிப்பது உள்ளூர் போலீஸ், வழக்கு நடத்துவது உள்ளூர் அரசு வழக்கறிஞர். ஃபெடரல் ஏஜென்ட் அங்கே தாமாகப் போய் நிற்க முடியாது. நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டம் மீறப்பட்டால்தான் அவருக்கு வேலை. நம் நாட்டின் சி.பி.ஐ.யை மனத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சி.பி.ஐ. ஒரு மாநிலத்துக்குள் விசாரிக்க, நீதிமன்றம் உத்தரவிட்டால் ஒழிய, அந்த மாநில அரசின் இசைவு வேண்டும். தமிழ்நாடு தன் பொது இசைவை 2023இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அமெரிக்க ஏஜென்ட்டுக்கு மாநிலத்தின் இசைவு தேவையில்லை. ஆனால் குற்றம் ஃபெடரல் குற்றமாக இருந்தாக வேண்டும்.

இந்த ஏஜென்ட்டுகள் ஒரே துறையைச் சேர்ந்தவர்களும் அல்லர். நீதிமன்ற உத்தரவுகளை நிறைவேற்றும் மார்ஷல்கள் 1789 முதல் இருக்கிறார்கள். கள்ளநோட்டைப் பிடிப்பதற்காக 1865இல் தொடங்கிய சீக்ரெட் சர்வீஸ்தான் பிற்பாடு அதிபரின் பாதுகாப்பையும் ஏற்றது. போதைப்பொருளுக்கு 1973இல் தனித்துறை வந்தது. கதைகளின் செல்லப்பிள்ளையான எஃப்.பி.ஐ. 1908இல் 34 பேருடன் ஆரம்பித்தது. அந்தப் பெயர் 1935இல்தான் கிடைத்தது. 1934 வரை அதன் ஏஜென்ட்டுகளுக்குத் துப்பாக்கி ஏந்தவும் கைது செய்யவும் முறையான சட்ட அதிகாரம்கூட இல்லை என்பது படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கலாம்.

காணாமல் போன குழந்தை எப்படி ஃபெடரல் விவகாரம் ஆனது? அதற்கு ஒரு குறிப்பிட்ட இரவு இருக்கிறது. 1932 மார்ச் 1 அன்று நியூ ஜெர்ஸி மாநிலத்தில், விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் இருபது மாதக் குழந்தை மாடி அறைத் தொட்டிலிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டது. ஏணி வைத்து ஏறியிருந்தார்கள். 50,000 டாலர் மீட்புத்தொகை கொடுக்கப்பட்டும் குழந்தை திரும்பவில்லை. மே மாதம் வீட்டிலிருந்து சில மைல் தொலைவில் உடல் கிடைத்தது. ஜூன் மாதமே காங்கிரஸ் சட்டம் இயற்றியது: கடத்தப்பட்டவரை மாநில எல்லை தாண்டிக் கொண்டுசென்றால் அது ஃபெடரல் குற்றம். கடத்தப்பட்டவர் குறிப்பிட்ட நேரத்துக்குள் விடுவிக்கப்படாவிட்டால் எல்லை தாண்டியதாகவே கருதலாம் என்ற ஏற்பாடும் சேர்ந்தது. அந்தக் கால வரம்பு இன்று 24 மணி நேரம்.

குற்றவாளியைப் பிடித்த விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் துப்பறிதல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. மீட்புத்தொகையின் நோட்டு எண்களைக் குறித்துவைத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியவர்கள் வருமான வரித்துறையின் புலனாய்வாளர்கள். அதில் பெரும்பகுதி தங்கச் சான்று நோட்டுகள் (தங்கமாக மாற்றிக்கொள்ளலாம் என்ற உறுதியோடு வெளியிடப்பட்டவை). அவை 1933இல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டதால், யாராவது நீட்டினால் கண்ணில் படும். 1934 செப்டம்பரில் நியூயார்க் பெட்ரோல் நிலையம் ஒன்றில் ஒருவர் பத்து டாலர் தங்கச் சான்று நோட்டைக் கொடுத்தார். வாங்கிய ஊழியருக்கு, இது வங்கியில் செல்லுமோ செல்லாதோ என்ற கவலை. நோட்டின் ஓரத்தில் அந்தக் காரின் எண்ணைப் பென்சிலால் எழுதிவைத்தார். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் புரூனோ ஹாப்ட்மன் என்ற தச்சர். அவர் கார் கொட்டகையில் மீட்புத்தொகையிலிருந்து சுமார் 14,000 டாலர். இங்கே குற்றவாளியை மாட்டிவைத்தது யாருடைய ஆறாத ரணமும் இல்லை. ஒரு கணக்குப் புத்தியும் ஒரு பென்சிலும். இன்னொன்று: வழக்கை நடத்தி, 1936இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது நியூ ஜெர்ஸி மாநிலம். கொலை மாநிலத்தின் சொத்து. ஃபெடரல்காரர்கள் துணைக்கு நின்றார்கள், அவ்வளவுதான்.

இனிக் கதைக்கு வருவோம். இந்தப் பாத்திர வகையைப் புரிந்துகொள்ள இருவர் போதும்.

முதலாமவர் ஃபாக்ஸ் மல்டர். 1993இல் தொடங்கிய ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரின் நாயகர். 1973 நவம்பர் 27 இரவு, பன்னிரண்டு வயதுச் சிறுவனாக எட்டு வயதுத் தங்கை சமந்தாவுடன் பலகை விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கிறார். தொலைக்காட்சியில் எதைப் பார்ப்பது என்று இருவருக்கும் சண்டை வேறு. தங்கை அவர் கண்ணெதிரே மறைந்துபோகிறாள். வளர்ந்து எஃப்.பி.ஐ.யில் சேர்ந்த மல்டர், அலுவலகத்தின் அடித்தளத்தில் ஓர் அறையைப் பிடித்துக்கொண்டு, யாரும் சீந்தாத வழக்குகளைத் தாமே தேர்ந்தெடுத்துத் துருவுகிறார். எந்த வழக்கைத் திறந்தாலும் அதன் அடியில் தங்கை இருக்கிறாளா என்று தேடுகிறார்.

இரண்டாமவர் கிளாரிஸ் ஸ்டார்லிங், 1991இல் வந்த ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ படத்தின் நாயகி. சிறு ஊரொன்றில் மார்ஷலாக (ஊர்க் காவல் அதிகாரியாக) இருந்த தந்தை, திருடர்களை எதிர்கொண்டு சுடப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் உயிருக்குப் போராடி இறந்தபோது அவருக்குப் பத்து வயது. உறவினரின் பண்ணைக்கு அனுப்பப்பட்டு, அங்கே வெட்டுக்குப் போகும் ஆட்டுக்குட்டிகளின் அலறலைக் கேட்கிறார். ஒன்றையாவது காப்பாற்றலாம் என்று தூக்கிக்கொண்டு ஓடி, பிடிபடுகிறார். படத்தில் அவர் இன்னும் முழு ஏஜென்ட்டாகவும் ஆகவில்லை. எஃப்.பி.ஐ.யின் குவாண்டிகோ பயிற்சி மையத்தில் மாணவி. (எஃப்.பி.ஐ. தன் நவீன காலத்தில் பெண்களை ஏஜென்ட்டாகச் சேர்த்ததே 1972இல்தான். முதலில் நுழைந்த இருவரில் ஒருவர் முன்னாள் கன்னியாஸ்திரி, மற்றவர் மரைன் படையிலிருந்து வந்தவர். ஆண்கள் நிறைந்த மின்தூக்கிக்குள் ஸ்டார்லிங் நிற்கும் காட்சி சும்மா வைக்கப்பட்டது அல்ல.)

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே கதை. எனக்கோ நேர்எதிராகத் தெரிகிறது. மல்டர் தேடுவது தம் தங்கையை. ஸ்டார்லிங் தேடுவது வேறு யாரோ ஒரு தாயின் மகளை, கடத்தப்பட்ட செனட்டர் ஒருவரின் பெண்ணை. தந்தையைச் சுட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று ஸ்டார்லிங்கும் கேட்பதில்லை, படமும் கேட்பதில்லை. காயம் அவரைக் குவாண்டிகோ வாசல் வரை கொண்டுவந்து விட்டது. அவர் கையில் இருக்கும் கோப்போ அடுத்தவருடையது. சட்டம் இந்த இருவரில் ஒருவரைத்தான் வேலை பார்க்க விடும்.

அந்தச் சட்டம் ஒன்றும் மறைபொருள் இல்லை. எஃப்.பி.ஐ.யின் மேலமைப்பான அமெரிக்க நீதித்துறைக்கென்று ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. ஃபெடரல் ஒழுங்குவிதித் தொகுப்பின் 28ஆம் தலைப்பில் 45.2 என்ற விதியைப் பாருங்கள். விசாரணைக்கு உள்ளான செயலில் முக்கியப் பங்குள்ளவரோடு, அல்லது அந்த வழக்கின் முடிவு நேராகப் பாதிக்கக்கூடியவரோடு தனிப்பட்ட உறவு இருந்தால், அந்த ஊழியர் அந்தக் குற்ற விசாரணையில் பங்கெடுக்கக் கூடாது. தாய், தந்தை, உடன்பிறந்தவர், துணைவர், பிள்ளை ஆகியோருடன் இருப்பது அப்படிப்பட்ட உறவு என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். உறவு இருந்தும் பணி பக்கச்சார்பில்லாமல் நடக்கும், வெளியாருக்கும் ஐயம் எழாது என்று மேலதிகாரி எழுத்தில் முடிவு செய்தால் விதிவிலக்கு உண்டு. சொந்தத் தங்கை காணாமல் போன வழக்கில் எந்த மேலதிகாரி அப்படி எழுதிக் கையெழுத்துப் போடுவார்?

இது இரக்கமில்லாத விதி என்று தோன்றலாம். ஏன் இப்படி என்பது விசாரணை அறையில் விளங்காது, நீதிமன்றத்தில்தான் விளங்கும்.

எஃப்.பி.ஐ. ஏஜென்ட் ஒருவர் சாட்சியிடம் பேசிவிட்டு வந்தால் அதை எஃப்.டி.-302 என்ற படிவத்தில் எழுதிவைப்பார். பொதுவாக இருவர் போவார்கள். ஒருவர் கேட்பார், மற்றவர் குறிப்பெடுப்பார். நெடுங்காலம் ஒலிப்பதிவு வழக்கமில்லை. காவலில் உள்ளவர்களிடம் எடுக்கும் வாக்குமூலத்தைப் பதிவு செய்வதே பொதுவிதி என்று நீதித்துறை அறிவித்தது 2014இல்தான். ஆக, சாட்சி சொன்னது என்ன என்பதற்குப் பல வழக்குகளில் ஆதாரம் அந்த ஏஜென்ட் எழுதிய காகிதம்தான். இப்போது அந்த ஏஜென்ட் சாட்சிக் கூண்டில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அவருடைய திறமையைப் பற்றி ஒரு கேள்வியும் வேண்டாம். “உங்கள் தங்கை காணாமல் போனது எந்த ஆண்டு?” என்று கேட்டால் போதும். “என் கட்சிக்காரர்தான் செய்தார் என்று நீங்கள் எத்தனை வயதிலிருந்து நம்புகிறீர்கள்?” என்பது இரண்டாவது கேள்வி. மூன்றாவதற்குத் தேவையே வராது. நடுவர் குழுவில் உட்கார்ந்திருக்கும் பன்னிருவரும் அந்த 302 படிவத்தை இனி வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

இதை மறைக்கவும் வழியில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியச் சான்றை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்று 1963இல் பிரேடி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுத் தரப்புச் சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைக்கக்கூடிய தகவலுக்கும் அது பொருந்தும் என்று 1972இல் கிக்லியோ வழக்கு சொன்னது. இன்றும் ஏஜென்ட்டுகளிடையே கிக்லியோ என்பது அச்சமூட்டும் பெயர். நம்பகத்தன்மையில் கறை விழுந்த ஏஜென்ட்டைச் சாட்சியாக அழைக்க அரசு வழக்கறிஞர்கள் தயங்குவார்கள். சாட்சி சொல்ல முடியாத ஏஜென்ட்டுக்கு வழக்கு கொடுக்கவும் யாரும் விரும்ப மாட்டார்கள்.

நீதிமன்றத்தை விடுங்கள், உண்மையைக் கண்டுபிடிப்பதற்கே அதீத நிச்சயம் இடைஞ்சல். 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு, வெடிக்கருவிகள் இருந்த பையில் கிடைத்த ஒரு கைரேகை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். ஸ்பெயின் போலீஸ் பொருந்தவில்லை என்று ஏப்ரலிலேயே தெரிவித்தது. ஆனாலும் மே மாதம் அவரைப் பிடித்து இரண்டு வாரம் உள்ளே வைத்தார்கள். ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் கண்டுபிடித்த பிறகே விட்டார்கள். மன்னிப்பும் இருபது லட்சம் டாலர் இழப்பீடும் பின்னால் வந்தன. அந்த நிபுணர்களில் யாருக்கும் மாட்ரிடில் சொந்தப் பகை கிடையாது. பகையே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி என்றால், இருபது ஆண்டுகளாக ஒரு முகத்தை மனத்தில் சுமப்பவரிடம் ரேகையைக் கொடுத்தால் என்ன ஆகும்?

இதிலிருந்து, இழப்பைச் சந்தித்தவர்கள் ஏஜென்ட் ஆகவே முடியாது என்று எண்ண வேண்டாம். எஃப்.பி.ஐ. ஸ்பெஷல் ஏஜென்ட் ஆக 23 வயது நிறைந்திருக்க வேண்டும், 37ஐத் தொடுவதற்குள் பணியில் சேர்ந்துவிட வேண்டும். பட்டப்படிப்பும் சில ஆண்டு வேலை அனுபவமும் கேட்பார்கள். பின்னணி விசாரணை நீளமானது: குடியிருந்த முகவரிகள், உறவினர்கள், வெளிநாட்டுத் தொடர்புகள், கடன், போதைப்பொருள். பொய்யறியும் கருவியும் உண்டு. தேறினால் வர்ஜீனியாவின் குவாண்டிகோவில் சில மாதப் பயிற்சி. அங்கே வங்கி, தபால் நிலையம், திரையரங்கு எல்லாம் வைத்து ஹோகன்ஸ் ஆலி என்று ஒரு பொய் ஊரையே 1987இல் கட்டிவைத்திருக்கிறார்கள். அந்த வங்கி கொள்ளை போவதற்கென்றே இருக்கிறது. இத்தனையிலும் சிறுவயது இழப்பு ஒரு தகுதியும் இல்லை, தடையும் இல்லை. அதை எங்கே வைத்துக்கொள்வது என்பதில்தான் கட்டுப்பாடு.

கதை அல்லாத வாழ்வில் இந்த வகைக்கு மிக அருகில் வருபவர் ஓர் அமெரிக்கருமில்லை, ஏஜென்ட்டும் இல்லை. செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட் என்ற பிரெஞ்சு வழக்கறிஞர். 1943 செப்டம்பர் 30 இரவு அவருக்கு எட்டு வயது. குடும்பம் நீஸ் நகரில் இருந்தது. யூதர்களைப் பிடிக்க நாஜி அதிகாரி அலோய்ஸ் புரூன்னரின் ஆட்கள் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள். தந்தை ஆர்னோ, துணி அலமாரிக்குள் பொய்ப் பின்பலகை ஒன்றை முன்கூட்டியே அமைத்துவைத்திருந்தார். மனைவியும் மகளும் மகனும் அதன் பின்னே ஒடுங்கிக்கொள்ள, அவர் கதவைத் திறந்தார். வீட்டைக் கிருமி நீக்கம் செய்வதால் குடும்பத்தை வெளியூர் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். வந்தவர்கள் அவரைக் கொண்டுபோனார்கள். பலகையை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. ஆர்னோ அவுஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து திரும்பவில்லை.

அந்தச் சிறுவன் வளர்ந்து, மனைவி பியாட்டேயுடன் சேர்ந்து நாஜிகளைத் தேடுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். ஆரம்பத்தில் அவர்களும் திரைப்பட நாயகர்களைப் போலத்தான் நடந்தார்கள். பாரிஸில் யூதர்களை நாடுகடத்திய குர்ட் லிஷ்காவை 1971இல் ஜெர்மனியின் கொலோன் நகரத் தெருவிலேயே கடத்தப் பார்த்துத் தோற்றார்கள். பேட்ஜ் அணிந்தவர் இதைச் செய்திருந்தால் அன்றோடு வேலை போயிருக்கும், வழக்கும் போயிருக்கும். அவர்களுடைய பெரிய வெற்றிகள் காகிதத்தால் வந்தவை. லிஷ்காவுக்கு 1980இல் கொலோன் நீதிமன்றமே பத்து ஆண்டுத் தண்டனை கொடுத்தது. பொலிவியாவில் பெயர் மாற்றி வாழ்ந்த நாஜி அதிகாரி கிளாஸ் பார்பியை இவர்கள்தாம் அம்பலப்படுத்தினார்கள். 1983இல் அவர் பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டார். 1987இல் லியோன் நகரில் நடந்த விசாரணையில் கிளார்ஸ்ஃபெல்ட், இஸியூ கிராமத்துக் குழந்தைகள் இல்லத்திலிருந்து பிடிக்கப்பட்ட 44 குழந்தைகளின் குடும்பங்களுக்காக வாதாடினார். பிடித்த அன்றே அதைப் பாரிஸுக்குத் தெரிவித்து பார்பி பெயரில் போன தந்தி, வழக்கின் முக்கியச் சான்றுகளில் ஒன்று.

அவர் அந்த நீதிமன்றத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்தார் என்பதைக் கவனியுங்கள். பிரெஞ்சு முறையில் பாதிக்கப்பட்டவர்களும் குற்ற வழக்கில் ஒரு தரப்பாகச் சேரலாம்; அவர்களுக்கென்று தனி வழக்கறிஞர் உண்டு. அந்த நாற்காலிதான் அவருடையது. குற்றம் சாட்டும் அரசு வழக்கறிஞர் வேறொருவர், புலனாய்வு செய்த நீதிபதி இன்னொருவர். காயம் பட்டவர்களுக்காக அறைக்குள் ஓர் இடம் ஒதுக்கி, ஆனால் அதிகாரத்தின் இடத்தை அவர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும் இந்த ஏற்பாடு அமெரிக்க முறையைவிட நேர்மையானது என்று நினைக்கிறேன்.

தந்தையைக் கொண்டுபோன புரூன்னர்? அவர் சிரியாவில் தஞ்சம் புகுந்திருந்தார். கிளார்ஸ்ஃபெல்ட் 1982இல் டமாஸ்கஸுக்கே போய்ப் பார்த்தார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2001இல் பாரிஸ் நீதிமன்றம் புரூன்னர் இல்லாமலேயே அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆள் கடைசிவரை கிடைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் துரத்தியவரின் கணக்கில் தீர்ந்தவை பெரும்பாலும் மற்றவர்களின் வழக்குகள்.

அமெரிக்காவில் இழப்பு வேறு வழியிலும் வேலை செய்திருக்கிறது. 1981இல் ஃபுளோரிடாவில் ஜான் வால்ஷின் ஆறு வயது மகன் ஆடம் கடைத்தொகுதி ஒன்றிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டான். வால்ஷ் பேட்ஜ் தேடிப் போகவில்லை, காங்கிரஸுக்குப் போனார். காணாமல் போன குழந்தைகளின் விவரத்தை எஃப்.பி.ஐ.யின் தேசியக் கணினித் தொகுப்பில் ஏற்ற வகைசெய்யும் சட்டம் 1982இல் வந்தது, அப்படிப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 1984இல். இழந்தது குழந்தைப் பருவத்தில் அல்ல என்பதால் அவர் நம் பாத்திர வகைக்குள் சரியாகப் பொருந்த மாட்டார். ஆனால் அந்த வகை ஏஜென்ட்டுகள் இன்று திறந்து பார்க்கும் கணினியில் அவருடைய துக்கத்தின் பங்கு இருக்கிறது.

இனி இப்படியொரு தொடரைப் பார்க்கும்போது, பாதியில் கட்டாயம் ஒரு காட்சி வரும். மேலதிகாரி நாயகரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, “இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்” என்பார். நாயகர் பேட்ஜை மேசையில் வீசிவிட்டு வெளியேறுவார். பின்னணி இசை நாயகரின் பக்கம் நிற்கும். மேலதிகாரியை இதயமில்லாதவராகக் காட்டுவது வழக்கம். அந்த அறையில் 45.2 விதியைப் படித்தவர் அவர் ஒருவர்தான்.